தனியே பறக்கிற பிள்ளை



போன வாரம் ஒரு நாள் மாலை, செபமாலை முடிந்து எல்லாரும் வீடு திரும்பிய பிறகும் ஒரு தாய் மட்டும் கோவில் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் யாரென்று இங்கே சொல்லப் போவதில்லை. பீடி சுற்றிப் பிள்ளையைப் படிக்க வைத்தவள் என்று மட்டும் சொல்லுகிறேன். அந்தப் பிள்ளை நன்றாய்ப் படித்துத் தேறி, இப்போது ஐதராபாத்துக்கு அருகே துண்டிகலில் இருக்கும் விமானப்படைக் கல்லூரியில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறான். கிட்டப் போய், "என்னம்மா, இன்னும் வீட்டுக்குப் போகவில்லையா?" என்று கேட்டேன்.

"சாமி, வார செவ்வாய்க்கிழமை எம் மவன் ஒத்தையில பறக்கப் போறானாம். வாத்தியார் கூட ஏற மாட்டாராம். நீங்க போன்ல பேசி, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்" என்றாள்.

உள்ளதைச் சொல்லுகிறேன். அவள் அழுகையைப் பார்த்தபோது ஒரு கணம் என் கையும் போனைத் தேடிற்று. ஆயினும் நான் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பதை அவளுக்குச் சொன்னதைவிடச் சற்று விரிவாக இந்த வாரம் உங்கள் எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறேன். அவளுடைய பயம் அவளுக்கு மட்டும் உரியதன்று. ஜூன் மாதம் பிறக்கப் போகிறது. நம் பங்கிலிருந்தே எத்தனை பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் புறப்படக் காத்திருக்கிறார்கள்! நாம் கொண்டாடுவதோ ஆண்டவருடைய ஆரோகணத் திருநாள். சீஷர்களுடைய போதகர் அவர்கள் கண்ணுக்கு மறைந்த நாள் இதுவே அல்லவா?

அந்தப் பிள்ளை செய்யப் போவது இன்னதென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விமானம் கற்கிறவன் எடுத்த எடுப்பில் தனியே ஏறுவதில்லை. பல தடவை ஆசிரியரோடு பறந்து, ஏறவும் திரும்பவும் இறங்கவும் பழகி, ஆசிரியருடைய மனதுக்குத் திருப்தியானபின் ஒருநாள் அவர் இறங்கிக்கொண்டு, "இனி நீயே போ" என்பார். அந்த முதல் நாளில் அவன் ஓடுபாதையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து இறங்கிவிட வேண்டியதுதான். நம் பிள்ளை அதை முன்னமே செய்துவிட்டான். இப்போது வந்திருப்பது அடுத்த படி. நிலையத்தை விட்டு அகன்று, பயிற்சிக்கென்று குறித்த வான எல்லைக்குள் தனியே போகவேண்டும். கற்ற பாடங்களையெல்லாம் அங்கே தானே செய்து பார்த்து, வழியறிந்து திரும்பி வரவேண்டும். முதல் வட்டத்தில் ஓடுபாதை கண்ணிலேயே இருக்கும். ஆசிரியரும் கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பயிற்சி எல்லைக்குப் போனவனுக்கோ ஓடுபாதையும் தெரியாது, ஆசிரியர் கண்ணுக்கு அவனும் தெரியமாட்டான்.

நம் ஞான வாழ்விலும் இப்படி இரண்டு நாட்கள் உண்டு. புதுநன்மை வாங்கும் நாளில் வெள்ளை உடுப்பும் மெழுகுதிரியுமாய்ப் பிள்ளை பீடத்தண்டை நிற்கிறான், ஊரே பார்க்கிறது. அன்று தவறி நடப்பவன் ஒருவனும் இல்லை. கோபுரமும் கோவில் மணியும் எட்டாத ஓர் ஊரில், தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத அறையில், இரவு பத்து மணிக்கு அதே பிள்ளை தனியாய் உட்கார்ந்திருக்கிற நாள் ஒன்று வருகிறது. அந்த நாளில்தான் அவன் கற்றது பாடமா, பழக்கமா என்று தெரியும்.

இன்னொரு காரியத்தைக் கேளுங்கள். அந்தக் கல்லூரியில் ஆரம்பப் பாடத்துக்கு 2013-ம் ஆண்டு முதல் ஸ்விட்சர்லாந்தில் செய்த பிலாட்டஸ் என்ற விமானங்கள் வந்தன. அவற்றில் ஆசனங்கள் பக்கத்தில் பக்கத்தில் இல்லை, ஒன்றன்பின் ஒன்றாய் இருக்கும். மாணவன் முன்னே இருப்பான், ஆசிரியர் பின்னே இருப்பார். ஆகவே பறக்கும்போது மாணவன் ஆசிரியர் முகத்தைக் காண்பதில்லை. காதில் மாட்டிய கருவியின் வழியாய் அவர் குரலை மட்டும் கேட்கிறான். "மூக்கைத் தாழ்த்து", "வேகத்தைப் பார்", "வலப்பக்கம் பார்த்தாயா?" என்று பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும்.

இதைக் கேட்டபோது எனக்கு இசையாஸ் தீர்க்கதரிசியின் ஞாபகம் வந்தது. ஜனங்கள் வலமோ இடமோ விலகுகையில், அவர்களுடைய போதகரின் குரல் பின்னாலிருந்து வந்து இதுவே வழி என்று காட்டும் என்றல்லவா அவர் முப்பதாம் அதிகாரத்தில் அறிவித்தார்? நாமும் சர்வேசுரனை முகமுகமாய்க் கண்டு நடக்கவில்லை. அவர் குரலைக் கேட்டே நடக்கிறோம். தனியே பறக்கிற அன்று மாணவனுக்குப் பின் ஆசனம் வெறுமையாயிருக்கிறது, உண்மைதான். ஆனால் இத்தனை நாள் கேட்ட குரல் அவன் நெஞ்சில் பதிந்து போயிருக்கிறது. அவசரம் வந்தால் ரேடியோவில் பேசவும் ஆள் உண்டு.

ஆரோகணத்தின் மறைபொருளும் இதைப் போன்றதுதான். மூன்று வருஷ காலம் அப்போஸ்தலர்கள் ஆண்டவரோடு திரிந்தார்கள். படகில் புயலடித்தால் அவரை எழுப்பினார்கள். ஜனங்களுக்கு அப்பம் இல்லாவிட்டால் அவரிடம் சொன்னார்கள். அவர் போகப் போகிறார் என்றதும் அவர்கள் மனம் துக்கத்தால் நிறைந்தது. அவரோ தாம் போவது அவர்களுக்கு நன்மையென்றும், போனால்தான் தேற்றுகிறவர் வருவார் என்றும் சொன்னார். அப்படியே நடந்தது. ஒரு வேலைக்காரியின் கேள்விக்கு நடுங்கி மறுதலித்த இராயப்பர், இஸ்பிரீத்து சாந்துவானவர் இறங்கிய நாளில் ஆயிரக்கணக்கான பேர் முன் எழுந்து நின்று பிரசங்கம் பண்ணினார். ஆண்டவர் எந்நாளும் கண்முன் நின்றிருந்தால் இராயப்பர் எந்நாளும் பிறர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருப்பார்.

விமானக்காரர்கள் சொல்லும் ஓர் அனுபவத்தையும் கேளுங்கள். ஆசிரியர் இறங்கியதும் விமானத்தின் பாரம் குறைகிறது. அதனால் அது வழக்கத்தைவிடச் சீக்கிரமாய்த் தரையை விட்டு எழும்பும். மாணவன் அதிசயப்படுவான். பெற்றோரே, நம் பாரமும் சில சமயங்களில் பிள்ளையின்மேல் அப்படித்தான் இருக்கிறது.

இனி, தனியே பறக்கிறவனுக்குக் கற்றுக்கொடுக்கும் பாடங்களில் நமக்கும் உதவுகிற நான்கைச் சொல்லுகிறேன்.

முதலாவது, ஏறுவதற்கு முன் சோதித்துப் பார்த்தல். விமானத்தில் ஏறுமுன் மாணவன் அதைச் சுற்றி வருவான். இறக்கை, சக்கரம், எண்ணெய், எரிபொருள் எல்லாவற்றையும் பார்ப்பான். வேகம் காட்டும் குழாயின் மேலுள்ள உறையைக் கழற்றியாயிற்றா என்று கவனிப்பான். நேற்றும் இதே விமானத்தை ஓட்டினேன், எல்லாம் சரியாய்த்தான் இருக்கும் என்று விடமாட்டான். செய்யவேண்டியவை எல்லாம் மனப்பாடமாய் இருந்தாலும் அட்டவணைப்படியே ஒவ்வொன்றாய்ச் செய்வான். ஏனென்றால் அனுபவம் மிகுந்தவர்களும் மறந்த சிறு காரியங்களால் பெரிய விபத்துகள் நேர்ந்திருக்கின்றன. இரவில் படுக்குமுன் நாம் செய்யும் ஆத்தும சோதனையும் இதுவே. ஐந்து நிமிஷம் போதும். இன்று யாரிடம் பொய் சொன்னேன்? யாருடைய கூலியைப் பிடித்துவைத்தேன்? யாரோடு பேசாமல் இருக்கிறேன்? இந்தச் சுற்றைச் சுற்றாதவனுக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்ல ஒன்றும் அகப்படுவதில்லை.

இரண்டாவது, மூக்கைத் தாழ்த்துதல். விமானத்தின் மூக்கை அளவுக்கு மேல் உயர்த்தினால் வேகம் குறையும். இறக்கையைத் தாங்கி நின்ற காற்று பிடிவிடும். விமானம் சட்டென்று கீழே அமிழும். இதை ‘ஸ்டால்’ என்பார்கள். அமிழும்போது புதியவனுடைய கை தானாகவே பிடியை இழுத்து மூக்கை இன்னும் உயர்த்தப் பார்க்கும். அப்படிச் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும். மூக்கைத் தாழ்த்தி, வேகத்தைத் திரும்பப் பெற்று, அதன்பிறகே உயரவேண்டும். ஆகவேதான் நல்ல உயரத்துக்குப் போய், கீழும் சுற்றிலும் பார்த்துவிட்டு, இதை வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் செய்து பழகுகிறார்கள். பிரியமானவர்களே, கடன் ஏறும்போது கௌரவத்தைக் காப்பாற்ற இன்னும் பெரிய கலியாணம் நடத்துகிறோமே, குற்றம் வெளிப்பட்டபோது இன்னும் உரக்கப் பேசுகிறோமே, அது மூக்கை உயர்த்துகிற கை அல்லவா? தன்னைத் தாழ்த்துகிறவனே உயர்த்தப்படுவான் என்று ஆண்டவர் போதித்த சத்தியம், ஆகாயத்தில் கூட அப்படியே செல்லுகிறது பாருங்கள்.

மூன்றாவது, மேகத்துக்குள் தன் உணர்ச்சியை நம்பாதிருத்தல். நம் ஊரில் இதை விளக்குவது சுலபம். இன்னும் சில நாட்களில் சாரல் தொடங்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாய்க் காற்று வீசும். குற்றால மலை முழுவதும் மேகத்தில் மறையும். நேற்றுப் பார்த்த மலை இன்று எங்கே என்று தெரியாது. ஆனால் மலை அங்கேதான் இருக்கிறது. அப்படிப்பட்ட மேகத்துக்குள் போகிற விமானிக்கு மேல் எது, கீழ் எது என்று உடம்பு சொல்லுவது பொய்யாகிவிடும். விமானம் சாய்ந்து திரும்பும்போது அவன் நேராய்ப் போவதாக நினைப்பான். அப்போது கண்முன் உள்ள கருவிகள் காட்டுவதையே நம்பி ஓட்டவேண்டும். அதற்கென்று தனிப் பயிற்சி பெறாத மாணவன் மேகத்துக்குள் போகவே கூடாது. தூரத்தில் கண்டதும் திரும்பிவிட வேண்டும். வாலிபப் பிள்ளைகளே, கோபத்திலும் மோகத்திலும் சோர்விலும் உங்கள் உணர்ச்சி உங்களுக்கு நிச்சயமாய் ஏதோ ஒன்றைச் சொல்லும். அந்த நேரத்தில் பத்துக் கற்பனைகளைப் பாருங்கள். மேகம் மூடினாலும் மலை இருந்த இடத்தில் இருப்பதுபோல, உங்களுக்குத் தோன்றாவிட்டாலும் நன்மை நன்மையாகவும் தீமை தீமையாகவும் இருக்கிறது. மேகத்துக்குள் போகாதிருப்பதோ இன்னும் உத்தமம்.

நான்காவது, எஞ்சின் ஓடும்போதே இறங்குமிடம் பார்த்துவைத்தல். எல்லாம் ஒழுங்காய்ப் போய்க்கொண்டிருக்கும்போது ஆசிரியர் திடீரென்று எஞ்சினின் விசையைக் குறைத்து, "எஞ்சின் நின்றுபோயிற்று, என்ன செய்வாய்?" என்பார். மாணவன் பதறாமல், சறுக்கி இறங்குவதற்குரிய வேகத்தைப் பிடித்து, காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று அறிந்து, எட்டும் தூரத்தில் ஒரு வெட்டவெளியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இப்படி அடிக்கடி கேட்டுக் கேட்டு, தனியே போகிற காலத்திலும் அவன் கண் கீழே இடம் தேடிக்கொண்டே இருக்கும்படி பழக்கிவிடுகிறார்கள். விசையைக் குறைக்கிற ஆசிரியர் பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறார் என்று யாராவது சொல்லுவார்களா? வியாதியும் நஷ்டமும் வரும்போது மட்டும் சர்வேசுரன் நம்மைக் கைவிட்டார் என்று ஏன் சொல்லுகிறோம்? சுகமாயிருக்கும்போதே செபம் செய்து பழகினவன் அவஸ்தையில் செபத்தைத் தேடவேண்டியதில்லை.

இனிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஐந்தருவியில் தகப்பன் சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நிற்கிறதைப் பார்த்திருக்கிறீர்கள். முதல் வருஷம் பிள்ளை அலறும். இரண்டாம் வருஷம் தகப்பன் விரலைப் பிடித்துக்கொள்ளும். பிறகொரு வருஷம் கையை உதறிவிட்டுத் தானே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்போதும் தகப்பன் இரண்டடி தூரத்தில் கண்ணை எடுக்காமல் நிற்கிறான். விடவேண்டிய காலத்தில் கையை விடுவதும் பிடித்ததைப் போலவே அன்பின் வேலைதான். கழுகு தன் கூட்டைக் கலைத்து, குஞ்சுகளின்மேல் சிறகை விரித்து அசைவாடி, அவற்றைப் பறக்கத் தூண்டுவதுபோல் ஆண்டவர் இஸ்ராயேலை நடத்தினார் என்று மோயீசன் பாடவில்லையா?

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களும் இதைக் கேளுங்கள். 2016-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி, அதே துண்டிகலில்தான், நம் நாட்டின் முதல் மூன்று பெண் போர் விமானிகள் பதவி ஏற்றார்கள். அவர்களில் ஒருவரான அவனி சதுர்வேதி 2018-ம் ஆண்டு பிப்ரவரியில் மிக்-21 போர் விமானத்தைத் தனியே ஓட்டினார். அந்தப் பெண்ணுக்கும் வீட்டில் ஒரு தாய் இருந்தாள்.

அப்படியானால், பிள்ளை தேறாமற் போனால்? இராமேஸ்வரத்தில் பிறந்து, திருச்சி அர்ச். சூசையப்பர் கல்லூரியில் படித்த அப்துல் கலாம் அவர்கள், விமானியாக வேண்டுமென்று ஆசைப்பட்டு டேராடூனுக்குத் தேர்வுக்குப் போனார். வந்தவர்கள் 25 பேர், எடுத்துக்கொண்டது 8 பேர்; அவர் ஒன்பதாவதாய் நின்றார். துயரத்தோடு திரும்பிய அந்த வாலிபர் ராக்கெட் கட்டும் வேலையில் அமர்ந்து, 2002-ல் நாட்டின் ஜனாதிபதியானார். 2006-ம் ஆண்டு ஜூன் மாதம், தம் 74-வது வயதில், பூனாவில் சுகோய் போர் விமானத்தில் ஏறி ஆகாயத்தைக் கண்டார். ஒரு கதவு அடைபட்டால் நம் பிதாவானவர் வீட்டையே இடித்துவிட்டார் என்று எண்ணவேண்டாம்.

இப்போது அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதிலைச் சொல்லுகிறேன். "அம்மா, உன் மகனுக்கு ஒன்றும் நேராது என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன். அப்படி வாக்குக் கொடுக்கிற அதிகாரத்தை எனக்கு யாரும் தரவில்லை. விமானம் ஓட்டுவதில் ஆபத்து உண்டு. அதை அறிந்துதான் அத்தனை கவனமாய்ப் பழக்குகிறார்கள். ஆனால் அவன் தனியாய்ப் போகிறான் என்று மட்டும் சொல்லாதே. ஞானஸ்நானம் வாங்கிய அன்றிலிருந்து அவன் தனியாய் இருந்ததே இல்லை. உறுதிபூசுதலில் இஸ்பிரீத்து சாந்துவைப் பெற்றவன் அவன். அவனுடைய காவல் சம்மனசுக்கு ஆசனம் வேண்டியதில்லை" என்றேன்.

லொரேத்தோ மாதாவைப் பற்றியும் அவளுக்குச் சொன்னேன். நாசரேத்தூரில் தேவமாதா வாழ்ந்த வீட்டைச் சம்மனசுகள் ஆகாய மார்க்கமாய் இத்தாலி தேசத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்பது பக்தர்கள் வழிவழியாய்ச் சொல்லிவரும் வரலாறு. அதை முன்னிட்டுப் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் என்னும் பாப்பானவர் 1920-ம் ஆண்டில் லொரேத்தோ மாதாவை விமானிகளுக்குப் பாதுகாவலியாக நியமித்தார். டிசம்பர் 10-ந் தேதி அவள் திருநாள். கூப்பர்த்தினோ ஊர் அர்ச். சூசையப்பரும் விமானிகளுக்குப் பாதுகாவலர். 1603-ல் பிறந்த அந்தச் சந்நியாசி படிப்பில் மிகவும் மந்தமாயிருந்தவர். செபத்தில் தரையை விட்டு மேலே எழும்பினார் என்று அவர் சரித்திரம் கூறுகிறது. ஆகவே பரீட்சை எழுதும் மாணவரும் அவரை மன்றாடுகிறார்கள். நம் பிள்ளைக்கு இரண்டு உதவியும் வேண்டியதுதானே!

அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்போ நான் என்ன செய்யணும் சாமி?" என்று கேட்டாள். "அவனோடு பேசும்போது அழாதே. தைரியமாய்ப் போய் வா மகனே என்று சொல். பின்பு இங்கே வந்து அழு" என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலைப் பூசைக்கு வந்தபோது, அப்படியே சொல்லிவிட்டதாகச் சொன்னாள்; அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பிரியமானவர்களே, நாம் ஒவ்வொருவரும் முடிவாகத் தனியே புறப்படவேண்டிய ஒரு பயணம் உண்டு. அன்று தாயும் தகப்பனும், கணவனும் மனைவியும், குருவானவருங்கூட ஓரளவுக்குமேல் கூட வரமுடியாது; கீழே நின்று பார்க்கத்தான் முடியும். அந்தப் புறப்பாட்டுக்கு இப்போதே பழகிக்கொள்ளுங்கள். தினமும் சோதித்துப் பாருங்கள், தலையைத் தாழ்த்துங்கள், கற்பனைகளை நம்புங்கள், இறங்குமிடத்தைக் கண்ணில் வைத்திருங்கள். பின்னாலிருந்து வந்த குரலை நாள்தோறும் கேட்டுப் பழகினவனுக்கு அன்றைக்கு அந்நியமான குரல் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அன்றைக்குத்தான் அவன் திரும்பிப் பார்த்து, இதுவரையும் தனக்குப் பின்னே இருந்தவர் முகத்தைக் காண்பான்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலைப் பூசையை அந்தப் பிள்ளைக்காக ஒப்புக்கொடுக்கிறேன். வரக்கூடியவர்கள் வாருங்கள். வயல் வேலைக்கும் கடைக்கும் போகிறவர்கள் இருக்குமிடத்திலேயே ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். அதோடு, இந்த மாதம் ஊரை விட்டுப் போகிற நம் பங்குப் பிள்ளைகள் எல்லாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் மேகத்துக்குள் மறைந்தபின் வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அப்போஸ்தலரைச் சம்மனசுகள் அப்படியே நிற்க விடவில்லை. அவர்கள் ஜெருசலேமுக்குத் திரும்பி வந்து, தேவமாதாவோடு ஒரே மனதாய்ச் செபத்தில் நிலைத்திருந்தார்கள். நாமும் அப்படியே செய்வோமாக.

ஆமென்.